போனுக்கு அந்தப் பக்கம்

அவர் போனை எடுத்தால் முதலில் பேச மாட்டார். காதில் வைத்துக்கொண்டு மூன்று நான்கு விநாடி சும்மா இருப்பார். கூப்பிட்டவர்கள் இரண்டு தடவை ஹலோ சொன்ன பிறகுதான் "சொல்லுங்க" என்பார். மரியாதை தெரியாத ஆள் என்று ஆபீசில் முதலில் நினைத்தோம். பிறகு ஒருநாள் நானே கேட்டேன்.

"ஆளு பேசுறதுக்கு முன்னாடி அவங்களுக்குப் பின்னாடி என்ன சத்தம் வருதுன்னு கேக்கணும்க்கா. ஃபேன் சத்தமா, ரோட்டுச் சத்தமா, இல்ல ஒரே ரூமுல நாப்பது பேரு பேசுற சத்தமான்னு" என்றார்.

"நாப்பது பேரு பேசுனா?"

"அப்ப ஜாக்கிரதையா இருக்கணும்."

வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில்லில், டைம் ஆபீசில் நான் வேலை பார்க்கிறேன். ஆள் வருகை, லீவு, பி.எஃப்., புதிதாகச் சேர்பவர்களுக்கு ஃபைல் போடுவது எல்லாம் என் பொறுப்பு. அகரத்திலிருந்து மில் பஸ்ஸில் வந்து போகிறேன். பதினெட்டு வருஷமாயிற்று. அவர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர். எங்களோடு இருந்தது ஒன்றேகால் வருஷம்தான். முப்பது, முப்பத்திரண்டு வயசிருக்கும். ஆபீசில் எல்லாருக்கும் சிஸ்டம் தம்பி.

இன்டர்வியூ அன்று ஜி.எம். அறையில் நானும் இருந்தேன், குறிப்பு எடுப்பதற்காக. பக்கத்து மில் ஒன்றில் கம்ப்யூட்டரை எல்லாம் யாரோ வெளியிலிருந்தே பூட்டிவிட்டு, பணம் கேட்டு மிரட்டியதாகப் பேச்சு பரவியிருந்த சமயம். ஜி.எம். பயந்துபோயிருந்தார். "என்ன வாங்கிப் போடணும்? லிஸ்ட் குடுங்க, வாங்கிரலாம்" என்றார். இதற்கு முன் வந்த இரண்டு பேரும் பெரிய லிஸ்ட் கொடுத்திருந்தார்கள்.

"வாங்குறது அப்பறம் பாப்போம் சார். அவரு எப்படி வருவாருன்னு தெரியணும் மொதல்ல."

"எவரு?"

"உள்ள வரப்போறவரு."

ஜி.எம். என்னைப் பார்த்தார். நான் எழுதிக்கொண்டேன். திருடனுக்கு மரியாதை கொடுத்துப் பேசியதை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். கடைசிவரை அவர் அப்படித்தான். நாங்கள் களவாணிப் பயலுக என்போம், ஜி.எம். இன்னும் மோசமாகச் சொல்வார். அவர் மட்டும் "அவரு", "அவங்க" என்றுதான் சொல்வார். உறவுக்காரர் யாரோ பஸ் ஏறி வந்துகொண்டிருக்கிற மாதிரி இருக்கும்.

அவருடைய ஃபைலை நான்தான் போட்டேன். படிப்பு சரியாக இருந்தது. நடுவில் இரண்டு வருஷத்துக்கு 'வெளிநாட்டில் வேலை' என்று ஒற்றை வரி. கம்பெனி பேர் இல்லை. "இங்க என்ன எழுதட்டும் தம்பி?" என்று கேட்டேன். "கால் சென்டர் மாதிரின்னு போட்டுக்கங்கக்கா" என்றார். அப்படியே போட்டேன்.

முதல் மாசம் அவர் சர்வர் ரூமுக்குள் அதிகம் போகவில்லை. என்னிடம் வந்து லீவு ரிஜிஸ்டரைக் கேட்டார். கேட் ரிஜிஸ்டரைக் கேட்டார். எந்த நாளில் யார் சீக்கிரம் கிளம்புவார்கள், ஆயுத பூஜைக்குப் போட்டோ எடுத்து யார் யார் இன்டர்நெட்டில் எங்கே போட்டார்கள் என்றெல்லாம் விசாரித்தார். அந்தப் போட்டோ ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டினார். சந்தனம், குங்குமம் வைத்த கம்ப்யூட்டர், அதன் மேல் மாலை. கீழே ஓரத்தில் ஒட்டியிருந்த துண்டுத்தாளில் டெஸ்பாட்ச் செக்‌ஷன் பாஸ்வேர்டு தெளிவாகத் தெரிந்தது. மூன்று வருஷமாக அது ஊருக்கே தெரிகிற மாதிரி கிடந்திருக்கிறது.

"அவரு மொதல்ல கம்ப்யூட்டரத் தொட மாட்டாருக்கா. உக்காந்து நம்மளப் படிப்பாரு" என்றார்.

அதே மாசத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் எனக்கு ஒரு போன் வந்தது. சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள். பஸ் இரண்டு மணிக்கு. அரை மணி நேரம்தான் இருந்தது, மேஜையில் வேலை அப்படியே கிடந்தது. பி.எஃப். சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்றது ஒரு ஆண் குரல். இன்றோடு லாகின் காலாவதியாகிறது, திங்கட்கிழமை ஆள் வருகை ஏறாது என்றது. எனக்குப் பதற்றமாகிவிட்டது. அப்போது அந்தக் குரல் சொன்னது:

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் மேடம். காலைலேர்ந்து நீங்க பாத்ததே போதும். செத்த நேரம் உக்காருங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தையை மில்லிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை, வீட்டிலும் சொன்னதில்லை. நான் உட்கார்ந்தேன். மொபைலில் வந்த ஆறு எண்களை ஒவ்வொன்றாக வாசித்துக் கொடுத்தேன். போன் வைக்கப்பட்டது. இரண்டு நிமிஷத்தில் சிஸ்டம் தம்பி மாடிப்படி ஏறி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். கையில் போன் இருந்தது. சிரிக்கவில்லை.

"நாந்தான்க்கா பேசுனேன். கொரல மாத்திக்கிட்டேன்."

எனக்கு முகம் சுட்டது. "என்னய முட்டாளாக்கணுமா தம்பி?"

"உங்க மேல தப்பே இல்ல. உங்களுக்கு ஒதவுற கொணம். வேலைய முடிக்காமப் போக மாட்டீங்க. அவரு அப்படிப்பட்ட ஆளத்தான் தேடுவாரு. சோம்பேறிய வச்சு அவரு ஒண்ணும் பண்ண முடியாது."

அதற்கப்புறம் ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. ஏமாந்த கதையை அந்த வார்த்தையோடு ஆபீசில் எல்லாரிடமும் சொல்லிப் புலம்பினேன். ஆனால் அந்த வார்த்தை மட்டும் மனசில் கிடந்தது. பொய்க்குச் சொன்னதுதான் என்று தெரிந்தும் கிடந்தது.

பிறகு ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்தார். எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி, பேங்க், பஞ்சு அனுப்புகிறவர்கள் என்று எல்லாருடைய நம்பரையும் கையால் ஒரு சின்ன நோட்டில் எழுதி, போனுக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டார். யார் கூப்பிட்டு எதைக் கேட்டாலும் வைத்துவிட வேண்டும். நோட்டில் இருக்கிற நம்பருக்கு நாமே திரும்பக் கூப்பிட வேண்டும். ஜி.எம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அதேதான். வியாழக்கிழமை தோறும் எல்லாவற்றையும் ஒரு டிஸ்கில் ஏற்றி, வயரைப் பிடுங்கி, என் செக்‌ஷன் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார். "உள்ள வந்துட்டா அவரு மொதல்ல காப்பி எங்க இருக்குன்னுதான் தேடுவாரு. அத அழிச்சிட்டுத்தான் பூட்டுவாரு. பீரோக்குள்ள அவரால வர முடியாது" என்றார். எந்தக் கம்ப்யூட்டரிலும் பென் டிரைவ் ஏறாதபடி அடைத்தார். ஆபீஸ் போனில் வருகிற பேச்செல்லாம் பதிவாகும்படி செய்தார். தொண்ணூறு நாளில் அது தானாக அழிந்துவிடும்.

சர்வரில் 'போனஸ் பட்டியல் - ரகசியம்' என்று ஒரு ஃபோல்டர் வைத்தார். உள்ளே ஒன்றும் கிடையாது. யாராவது திறந்தால் அவர் மொபைலில் மணி அடிக்கும். உள்ளே நுழைந்தவர் சும்மா இருக்க மாட்டார், துழாவுவார், இந்தப் பேரைப் பார்த்தால் தொடாமல் போக மாட்டார் என்பது அவருடைய கணக்கு. வைத்த மூன்றாம் நாளே மணி அடித்தது. திறந்தது ஜி.எம். இவர் நேராக அவர் அறைக்குப் போய், "சார், நீங்கதான் தொறந்தீங்களா, இல்ல உங்க பேருல வேற யாராச்சுமா?" என்று கேட்டிருக்கிறார். ஜி.எம். அதை மறக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை முன்கூட்டிச் சொல்லாமல் எல்லாக் கம்ப்யூட்டரையும் நிறுத்திவிட்டு, அரை நாள் பேப்பரில் வேலை பார்க்கச் சொன்னார். எம்.டி.யிடம் மட்டும் அனுமதி வாங்கியிருந்தார். லாரி இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. அன்று என்னை சர்வர் ரூமுக்குக் கூட்டிப்போய் ஒரு நீல வயரைக் காட்டினார். "நான் இல்லாதப்ப ஏதாவது ஆச்சுன்னா இதப் புடுங்கிருங்கக்கா. யாரையும் கேக்க வேணாம். தப்பாப் புடுங்கிட்டாலும் பரவால்ல." என்னை விட்டு ஐந்தாறு தடவை பிடுங்கி மாட்டவைத்தார்.

அவரிடம் எனக்கு ஒத்துக்கொள்ளாதவையும் இருந்தன. பத்தே நிமிஷத்தில் சாப்பிட்டுவிடுவார், அதுவும் நின்றுகொண்டு. கதவை முழுசாகச் சாத்த விட மாட்டார். சாயங்காலம் வாட்ச்மேன் கொசு பேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தால், அந்தப் படபட சத்தம் கேட்டதும் எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு வெளியே போய் நிற்பார். ஒருநாள் விளையாட்டுக்கு வாட்ச்மேன் பேட்டை அவர் பக்கம் நீட்டினார். அவர் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடரியை மூடிக்கொண்டார். செத்த நேரம் கழித்து எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அவர் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, இன்னொரு சனிக்கிழமையும் மத்தியானம் ஒன்றரை மணிக்குத்தான் போன் வந்தது. எடுத்தது நான். பெண் குரல். இருபத்தைந்து வயசிருக்கலாம். சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். சர்வரில் ஒரு அப்டேட் பாதியில் நிற்கிறது, ஒரு சின்ன புரோகிராமை ஏற்றி, பாஸ்வேர்டைப் போட்டால் முடிந்துவிடும் என்றாள். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டே, "நானே திருப்பிக் கூப்புடுறேம்மா" என்றேன்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் மேடம்" என்றாள் அவள். "காலைலேர்ந்து நீங்க பாத்ததே போதும். செத்த நேரம் உக்காருங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

ஒரு எழுத்து மாறவில்லை. நான் போனைப் பிடித்தபடி நின்றேன். எதிர் மேஜையில் இருந்த சிஸ்டம் தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, ஸ்பீக்கரை மெதுவாக வைத்தார். அவள் திரும்பவும் அதையே சொன்னாள். அவள் குரலுக்குப் பின்னால் ஆட்கள் பேசுகிற இரைச்சல் எனக்கே கேட்டது.

அவர் அந்த இரைச்சலையே கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு வயசானவர் மாதிரி குரலை இழுத்து, "அம்மா, நான் இங்க கம்ப்யூட்டர் பாக்குற ஆளு. மெசினு இப்பத்தான் எந்திரிக்குது. இருங்க, வச்சிராதீங்க" என்றார்.

"சரிங்க சார், இருக்கேன்."

"சாப்டீங்களாம்மா?"

"நீங்க மெசின் ஆன் ஆயிருச்சான்னு பாருங்க சார்."

அப்போது மேஜை மேலிருந்த அவருடைய மொபைல் அதிர்ந்தது. போனஸ் பட்டியல். ஜி.எம். அன்று மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஆனால் திரையில் இருந்தது ஜி.எம். பேர். உள்ளே ஒருவர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறார், கடைசிப் பாஸ்வேர்டுக்காக இன்னொருத்தி போனில் இருக்கிறாள் என்பதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. அவருக்கு ஆகவில்லை. ஒரு தாளில் 'வயர்' என்று எழுதி என்னிடம் காட்டினார். போனை மட்டும் வைக்கவில்லை.

நான் ஓடிப்போய் நீல வயரைப் பிடுங்கினேன். பழக்கமான வேலை மாதிரி இருந்தது. திரும்பி வந்தபோதும் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னம் சுத்திக்கிட்டே இருக்கும்மா. பழைய மெசினு. நான் வேற ஒட்டன்சத்திரம் போயி முருங்கைக்கா வாங்கணும், பஸ்ஸு போயிரும்."

அவள் குரல் சின்னதாகிவிட்டது. "ஏனுங்க, நீங்க ஒட்டன்சத்திரத்துல எங்கீங்க வாங்குவீங்க?"

"மார்க்கெட்லதான்."

"மார்க்கெட்டுக்குப் பின்னாடி எங்க மாமா தக்காளி மண்டி வச்சிருக்காருங்க." மாமா பேரையும் சொன்னாள். சொல்லிவிட்டு, யாரோ பக்கத்தில் வந்திருக்க வேண்டும், உடனே குரலை உயர்த்தி, "சார், நெக்ஸ்ட் பட்டனை அழுத்துங்க சார்" என்றாள்.

"அழுத்திட்டேம்மா. சுத்துது."

இப்படி நாற்பது நிமிஷம். என் பஸ் போய்விட்டது. டெஸ்பாட்சில் எட்டுக் கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டன என்று ஆள் வந்து சொன்னான். அவர் கையைக் காட்டி நிற்கச் சொன்னார். கடைசியில் அவள், "இன்ஸ்டால் ஆயிருச்சான்னு கேக்குறாங்க சார்" என்றாள். அழுகிற குரல் இல்லை. களைத்த குரல்.

"கரண்டு போயிருச்சும்மா. கஸ்டமர் சைடுல கரண்டு இல்லன்னு எழுதிக்கங்க. அப்படி எழுதுனா உங்க மேல வராது. நாப்பது நிமிசம் பேசிருக்கீங்க, அதுவும் கணக்குல ஏறும்."

அவள் நன்றி சொல்லவில்லை. போன் வைக்கப்பட்டது.

அதற்கப்புறம்தான் அவர் எழுந்து சர்வர் ரூமுக்குப் போனார். எட்டுக் கம்ப்யூட்டர் போனது போனதுதான். சர்வர் தப்பித்தது. வியாழக்கிழமை டிஸ்கை எடுத்துக் கொடுத்தேன். ஞாயிறு முழுக்க வேலை பார்த்து, திங்கட்கிழமை மத்தியானம் லாரி கிளம்பிவிட்டது. பக்கத்து மில் பதினைந்து நாளுக்கு மேல் நின்றதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை நாலு மணிவாக்கில் ஆபீஸ் படியில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது, நான் கேட்காமலே சொன்னார்.

"அந்தப் புள்ள படிச்சது நான் எழுதுனதுக்கா."

டேட்டா என்ட்ரி வேலை என்று ஏஜென்ட் சொல்லி இவரை விமானம் ஏற்றியிருக்கிறான். இறங்கிய ஊரிலிருந்து காரில் ஏற்றி, ஆற்றைத் தாண்டி வேறு நாட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். சுற்றுச்சுவர் வைத்த எட்டு மாடிக் கட்டடம். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். தினம் இத்தனை பேரைப் போனில் ஏமாற்றிப் பிடிக்க வேண்டும், பிடிக்காவிட்டால் ஷாக் அடிக்கிற கரண்டுக் கட்டையால் அடி. இவருக்குத் தமிழ் நன்றாக எழுத வருகிறது என்று தெரிந்ததும் பேச வேண்டியதை எழுதிக் கொடுக்கும் வேலையில் போட்டிருக்கிறார்கள்.

"எழுதுறவங்களுக்கு அடி கம்மி. அதனால நல்லா எழுதுனேன்" என்றார். "அந்த வரிய எங்க அம்மாவ நெனச்சு எழுதுனேன். காட்டுலயும் வேல, வீட்டுலயும் வேல. உக்காருன்னு அவங்கள யாரும் சொன்னதில்ல. இதச் சொன்னா எந்தப் பொம்பளையும் உக்காந்துருவாங்கன்னு தெரியும். உக்காந்தாங்க."

"எத்தன பேரு தம்பி?"

"தெரியலக்கா. போர்டுல எழுதுவாங்க. நான் பாக்க மாட்டேன்."

இரண்டு வருஷம் கழித்து, ராணுவம் உள்ளே புகுந்தபோது தப்பித்து வந்தவர்களில் இவரும் ஒருவர். ஊரில் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லையாம். நான் டீ கிளாசை வைத்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். என்னிடம் முதல் மாசம் சொன்ன அதே வார்த்தை எத்தனை வீட்டில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை விசாரணை. எப்படி நுழைந்தார்கள் என்று அவர் கண்டுபிடித்துத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்று வாரத்துக்கு முன்னால் ஜி.எம்.முக்கு வந்த ஒரு மெயிலில் அவர் பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறார். சந்தேகம் வந்தும் வெளியே சொல்லவில்லை. "தப்பு பண்ணா ஒடனே சொல்லுங்க, யாரும் எதுவும் சொல்ல மாட்டோம்" என்று இவர் மாசாமாசம் கூட்டம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜி.எம். அதில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

ஜி.எம். அந்தத் தாளை எடுக்கவில்லை. பதிவான பேச்சைப் போட்டார். எம்.டி. கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பது நிமிஷம் ஒரு திருடியோடு நலம் விசாரித்த பேச்சு. என்ன எழுதினால் அவளுக்கு அடி விழாது என்பது வரை தெரிந்த பேச்சு.

"உள்ள ஆளு புகுந்துருக்கான், மணி அடிக்குது, இவன் முருங்கைக்கா வெல பேசுறான் சார். இவனும் அந்தக் கும்பல்தான்" என்றார் ஜி.எம். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. போன வருசம் இவன் உங்களுக்கு டெஸ்டுன்னு போன் போட்டான்ல, அப்ப சொன்ன வார்த்தையும் இந்தப் பொம்பள சொன்னதும் ஒண்ணா, இல்லையா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுதான் சார்" என்றேன்.

மிச்சத்தையும் நான் சொல்லியிருக்கலாம். படியில் உட்கார்ந்து கேட்டதெல்லாம் எனக்குத் தெரியும். பயமாக இருந்தது என்றாவது சொல்லலாம், ஆனால் பயம்கூட இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். எம்.டி. அவரிடம், "நீங்க எதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டார். "அந்தம்மா சொன்னது உண்மைதான் சார்" என்றார் அவர்.

விஷயம் வெளியே போக வேண்டாம் என்று எம்.டி. போலீசுக்குச் சொல்லவில்லை. ராஜினாமா எழுதி வாங்கினார்கள். அந்தக் கடிதத்தை நான்தான் டைப் அடித்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "அக்கா, அந்த ரெக்கார்டிங் மட்டும் வேணும். புள்ள வீட்டுல காட்டுனா, மீட்டுத் தரச் சொல்லி மனு குடுக்க ஒதவும்" என்றார்.

"ஜி.எம். கிட்டக் கேட்டுச் சொல்றேன் தம்பி."

"சரிக்கா. வாரேன்."

நான் கேட்கவில்லை.

ரெண்டு மாசத்துக்கு மேல் ஆகியிருக்கும். கேட்டில் யாரோ என்னைத் தேடி வந்திருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். போனேன். ஐம்பது வயசுக்காரம்மா ஒருவர், கையில் மஞ்சள் பை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை ஓரமாக சிஸ்டம் தம்பி நின்றுகொண்டிருந்தார். அவரை கேட் பக்கம் விடக்கூடாது என்று உத்தரவு இருந்தது. அவருக்கும் தெரியும். வரவில்லை.

"ஏனுங்க, டைம் ஆபீஸ் அம்மா நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"எம்பட புள்ள பேசுனத நீங்க கேட்டீங்களாமுங்க. அந்தத் தம்பி எங்கண்ணன் மண்டிக்கே தேடி வந்து சொல்லுச்சுங்க. ஏழு மாசமா எங்களுக்குப் பேச்சே இல்லீங்க." அவர் பையை மாற்றிப் பிடித்தார். "கொரலு எப்படீங்க இருந்துச்சு?"

"நல்லாத்தான் பேசுச்சும்மா."

"சளி புடிச்ச மாரி இல்லீங்களே? அவளுக்கு ஏசி ஒத்துக்காதுங்க."

"இல்லம்மா."

அவர் தலையாட்டிக்கொண்டார். ஆனால் போகவில்லை. அவருடைய மொபைல் நம்பரைக் கேட்டு வாங்கி என் கையில் எழுதிக்கொண்டேன். "நான் உள்ள போயி போன் போடுவேன். எடுத்துக் காதுல வச்சுக்கங்க. பேச வேணாம். அந்தத் தம்பிகிட்டக் குடுத்து, இதப் பதிவாகுற மாதிரி வைக்கச் சொல்லுங்க."

பென் டிரைவ் ஏறாது. மெயிலில் அனுப்பினால் ஜி.எம்.முக்குத் தெரியும். நான் என் இடத்தில் உட்கார்ந்து, பழைய பதிவைத் தேடி எடுத்தேன். அழிவதற்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அந்தம்மா நம்பருக்குப் போன் போட்டு, ரிசீவரை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டேன். வருகைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, ஆப்சென்ட் போட ஆரம்பித்தேன். ஜன்னல் வழியே பார்த்தால் அந்தம்மா ரோட்டோரத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தார். ஷிப்ட் சைரன் ஊதி ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சிஸ்டம் தம்பி கொஞ்சம் தள்ளி நின்றார். தன்னுடைய குரலும் அதில் வருகிறதே என்றுதான் தள்ளி நின்றார் போலிருக்கிறது. பேச்சு முடிந்ததும் ரிசீவரை வைத்தேன். அடுத்த தடவை தலையைத் தூக்கினபோது இரண்டு பேருமே அங்கே இல்லை.

அவரை நான் பார்த்தது அதுதான் கடைசி.

எட்டு மாசம் கழித்து, ஆபீஸ் நம்பருக்கு அந்தம்மா பேசினார். "வந்துட்டாளுங்க" என்றார். மனுவோடு அந்தப் பதிவையும் கொடுத்தார்களாம். அதிகாரிகள் அதைக் கேட்டுத்தான், எந்தக் கட்டடம் என்பது வரைக்கும் விசாரித்தார்களாம். பத்துப் பதினைந்து பேரோடு சேர்த்துக் கூட்டி வந்துவிட்டார்கள். "மெலிஞ்சுட்டாளுங்க. பேசறது கம்மி. ஆனா சோறு திங்கறாளுங்க" என்றார். பிறகு, "அந்தத் தம்பிக்குச் சொல்லோணுமுங்க. நம்பர் போட்டா போவமாட்டீங்குது. உங்களுக்குத் தெரியுங்களா?" என்றார்.

எனக்கும் போகவில்லை. அவருடைய ஃபைலை எடுத்தேன். விலாசம் சேவுகம்பட்டி என்று இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டுக்கு பஸ் ஏறி, அங்கிருந்து மினி பஸ்ஸில் போனேன். கேட்டுக் கேட்டுப் போனதில் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஒல்லியான பெரியவர் கத்தரிக்காய் பறித்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் அப்பா. மில்லிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் மாறியது.

"எதும் பிரச்சனையாம்மா?"

"இல்லங்கய்யா. தம்பி எங்க இருக்காரு?"

"பெங்களூருன்னான். அங்கயும் ஏதோ கம்பெனியில இதே வேலதானாம். அவனாத்தான் கூப்புடுவான், மாசத்துக்கு ஒருக்கா. ஒவ்வொரு தடவையும் வேற வேற நம்பரு. அவங்க அம்மா செத்துப் போனதுலேர்ந்து இங்க வாரதும் இல்ல." சாக்கின் வாயைக் கட்டினார். "என்ன சேதிம்மா?"

"அடுத்து கூப்புட்டா, அந்தப் புள்ள வந்துருச்சுன்னு சொல்லுங்கய்யா."

"எந்தப் புள்ள?"

அவருக்கு ஒன்றும் தெரியாது. மகன் எந்த ஊரில் என்ன எழுதிக்கொண்டிருந்தான் என்பது தெரியாது. நான் எதிலிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று யோசித்தேன். யோசித்துவிட்டு விட்டுவிட்டேன்.

"அவருக்குத் தெரியும். இத மட்டும் சொன்னாப் போதும்."

பெரியவர் நிமிர்ந்து, மறந்துவிடக் கூடாது என்பது போல வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம் என்னிடம் சத்தமாகச் சொல்லிக் காட்டினார்.

"புள்ள வந்துருச்சு. அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்" என்றேன்.